டவுன்சைக்கிளிங்: தமிழில் என்ன சொல்வது? முதலில் அதன் பொருள்தான் என்ன?

சொல்தேடி, காலை 9:14

வணக்கம். மூலப்பொருள் பொருளாதாரம் பற்றிய நீண்ட அறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ரீசைக்கிளிங் வந்த இடமெல்லாம் மறுசுழற்சி என்று போட்டுக்கொண்டே வந்தேன். டவுன்சைக்கிளிங் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. கீழ்ச்சுழற்சி என்று எழுதிப் பார்த்தேன். ஆசிரியர் ஓரத்தில் "இது என்ன, ஆற்றுச் சுழியா?" என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

சொல் கிடக்கட்டும், பொருளே எனக்குப் பிடிபடவில்லை. அறிக்கையில் வரும் மூன்று எடுத்துக்காட்டுகள் இவை. இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டை உடைத்துச் சாலைக்கு அடியில் போடுவது டவுன்சைக்கிளிங். தண்ணீர் பாட்டிலைத் துணி இழையாக்குவதும் டவுன்சைக்கிளிங். அலுமினியத் தகட்டை உருக்கி என்ஜின் பிளாக் வார்ப்பதும் அதுவே.

முதலாவது புரிகிறது. தூணாக நின்றது ஜல்லியாகிவிட்டது. ஆனால் என்ஜின் பிளாக் எந்த வகையில் தகட்டைவிடக் கீழ்? சட்டை எந்த வகையில் பாட்டிலைவிடக் கீழ்? துறையில் இருப்பவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஒற்றைவரி, காலை 9:31

தரம் குறையும் மறுசுழற்சி. அவ்வளவுதான்.

சொல்தேடி, காலை 9:40

அதைத்தான் அகராதியும் சொல்கிறது. எதன் தரம், யார் கண்ணில் தரம் என்பதுதான் என் கேள்வி. பாட்டிலுக்கு ஒரு தரம், இழைக்கு ஒரு தரம். இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது?

உலைக்களம், காலை 10:22

அலுமினியம் பற்றி நான் சொல்கிறேன். உருக்குத் தொழிலில் பல வருடம்.

பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் போதும். எல்லோரும் சொல்வது இது, உண்மையும்கூட. சொல்லாமல் விடுவது என்னவென்றால், நாம் உருக்குவது சுத்த அலுமினியம் இல்லை, கலவை. தகடாக உருட்டவும் சட்டமாகப் பிதுக்கவும் உள்ள கலவைகளில் சிலிக்கான் பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். வார்ப்புக் கலவைகளில் 8, 10 சதவீதம்கூடச் சாதாரணம். சிலிக்கான் இருந்தால்தான் உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடிப் பாயும்.

இப்போது இரண்டையும் ஒரே உலையில் போடுங்கள். எல்லாம் கலந்துவிடும். மக்னீசியத்தைக் குளோரின் விட்டு ஓரளவு வெளியேற்றலாம். சிலிக்கான், இரும்பு, செம்பு மூன்றையும் சாதாரண உலையில் பிரித்தெடுக்க வழியில்லை. சாம்பாரில் விழுந்த உப்பு மாதிரி. குறைக்க ஒரே வழி, புது அலுமினியத்தை ஊற்றி நீர்க்கவைப்பது. அதனால் தகடும் சட்டமும் கலந்து வந்த பழைய சரக்கு முழுவதும் வார்ப்புக்குப் போகிறது. வார்ப்பிலிருந்து தகட்டுக்குத் திரும்பி வருவதில்லை.

ஆகவே சொல்தேடி, என்ஜின் பிளாக் தாழ்ந்த பொருள் என்று யாரும் சொல்லவில்லை. அது தரமான பொருள்தான். உள்ளே போன அலுமினியத்துக்கு வெளியே வரும் வாசல் குறுகிவிட்டது, அவ்வளவே.

எஃகில் இது இன்னும் மோசம். கார் ஒன்றை நசுக்கித் துண்டாக்கும்போது மோட்டார்களின் செம்புக் கம்பியும் சேர்ந்தே உலைக்குள் போகும். காரின் மேல்தகட்டுக்கான எஃகில் செம்பு 0.06 சதவீதம்வரைதான் தாங்கும். கட்டடக் கம்பியில் 0.4 சதவீதம்வரை ஓடும். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சூடாக உருட்டும்போது மேற்பரப்பில் இரும்பு துருவாகி உரிந்துகொண்டே வரும். செம்பு துருவாகாமல் அடியில் தேங்கும். 1085 டிகிரியில் அது உருகி, எஃகுக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளுக்கு நடுவில் கசிந்து இறங்கும். உருட்டாலைக்குள் நுழைந்த பட்டை, காய்ந்த குளத்துத் தரைபோல் வெடித்து வெளியே வரும். பழைய கார்கள் கட்டடக் கம்பியாவதன் காரணம் இதுதான்.

மொழிப்பித்தன், காலை 11:05

உலைக்களம் ஐயா, சாம்பார் உவமைக்கு ஒரு கும்பிடு. என் பங்குக்குச் சொல்லின் கதை.

அச்சில் இந்தச் சொல் முதலில் தென்பட்டதாகக் காட்டப்படும் ஆண்டு 1994. பழைய கட்டடப் பொருள்களை மீட்டு விற்பவர்களுக்கான ஒரு செய்திமடலில் ஜெர்மனியைச் சேர்ந்த ரெய்னர் பில்ஸ் பேசியிருந்தார். மறுசுழற்சி என்று பெயர் வைத்துக்கொண்டு செங்கலையெல்லாம் நொறுக்குகிறார்கள், இதை நான் டவுன்சைக்கிளிங் என்பேன் என்பது அவர் சொன்னதன் சாரம். அப்சைக்கிளிங் (பழையதை இன்னும் மதிப்புள்ளதாக ஆக்குவது) என்ற எதிர்ச்சொல்லும் அதே மூச்சில் வந்தது. ஆக இது ஆய்வுக்கூடத்தில் பிறந்த சொல் இல்லை. முழுச் செங்கல் நொறுங்குவதைப் பார்த்த கோபத்தில் பிறந்தது. பிறகு 2002இல் கட்டடக் கலைஞர் வில்லியம் மெக்டோனோ, வேதியியலாளர் மைக்கேல் பிரவுன்கார்ட் இருவரும் தங்கள் நூலில் இதை விரிவாக எடுத்தாண்டபோது உலகம் முழுக்கப் பரவியது.

தமிழுக்கு வருவோம். கீழ்ச்சுழற்சியில் ஆசிரியர் சொன்ன கோளாறு இருக்கிறது. கீழ் என்றதும் திசை வந்து நிற்கிறது. தாழ்சுழற்சி கேட்க நன்றாக இருந்தாலும் 'தாழ்' என்ற முன்னொட்டைப் புதுச்சொல்லில் வைக்க எனக்குக் கூச்சம். நம் மொழியில் அந்தச் சொல் போதுமான அளவு ஆட்களைக் காயப்படுத்திவிட்டது. தரமிறக்கச் சுழற்சி என்றால் யாரோ வேண்டுமென்றே இறக்குவதுபோல ஒலிக்கிறது.

செதில், பகல் 12:18

கொஞ்சம் சூடாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெட் பாட்டிலை, அதாவது பாலியஸ்டர் வகைப் பிளாஸ்டிக்கில் செய்த தண்ணீர் பாட்டிலை, இழையாக்கும் ஆலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. கருத்தரங்கத்துக்குப் போனால் யாராவது ஒருவர் மேடையில் நின்று, நாங்கள் செய்வது டவுன்சைக்கிளிங் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். எங்கள் கழுவு தொட்டிப் பக்கம் அவர் ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும்.

பாட்டிலை அரைத்துச் செதிலாக்கித் தண்ணீரில் விடுவோம். மூடியும் அதன் வளையமும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். இரண்டும் தண்ணீரைவிட லேசு, மிதந்துவிடும். பெட்டின் அடர்த்தி 1.38, அடியில் இறங்கிவிடும். இதுவரை சுகம். சிக்கல் பிவிசி என்ற வேறொரு பிளாஸ்டிக். அதன் அடர்த்தியும் ஏறக்குறைய அதே அளவு, அதுவும் கூடவே மூழ்கும். கண்ணுக்கும் தெரியாது, தண்ணீருக்கும் தெரியாது. பெட்டை உருக்கும் 270 டிகிரிக்கு அருகில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடும். அது பெட்டின் நீண்ட சங்கிலிகளை வெட்டிப்போடும். பழுப்பேறிய செதில் ஒரு கைப்பிடி வந்தாலே அந்தத் தொகுதி முழுக்கச் சந்தேகம்தான். அதற்காக ஒளியால் வேறுபாடு கண்டு, காற்றடித்துத் தள்ளும் எந்திரம் வைத்திருக்கிறோம். இவ்வளவையும் கடந்து வரும் இழை, புது பாலியஸ்டருக்குத் தோள்கொடுத்து நிற்கிறது. அதைப் போய்க் 'கீழ்' என்றால் எப்படி?

இன்னொன்று. சங்கிலி நீளத்தை நாங்கள் ஐவி என்ற எண்ணால் அளப்போம். பாட்டிலுக்கு அது 0.72க்கு மேல் வேண்டும். இழைக்கு 0.6ஐ ஒட்டி இருந்தால் போதும். உருக்க உருக்க அது குறையும் என்பது உண்மைதான். ஆனால் 200 டிகிரிக்குச் சற்று மேலே, உருகாமல், வெற்றிடத்திலோ நைட்ரஜனிலோ பல மணி நேரம் வைத்திருந்தால் அறுந்த சங்கிலிகள் மறுபடி இணைந்து எண் ஏறும். திடநிலைப் பாலிமராக்கம் என்பார்கள். பழைய பாட்டில் அப்படித்தான் மறுபடி பாட்டிலாகிறது. தரம் குறைந்தால் குறைந்ததுதான் என்று யார் சொன்னது?

கணக்குப்பிள்ளை, பகல் 1:47

பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் நானும் நுழைகிறேன்.

சொல்தேடிக்கு ஏற்படும் குழப்பம் அறிஞர்களுக்கும் ஏற்பட்டதுதான். 2022இல் தொழில்சார் சூழலியல் ஆய்விதழ் ஒன்றில் கிறிஸ்டோஃப் ஹெல்பிக்கும் குழுவினரும் இந்தச் சொல்லையே எடுத்துப் பிரித்து எழுதினார்கள். மூன்று வகை என்றார்கள். பொருள்கள் கலந்து நீர்த்துப்போவதும், பிரிக்க ஆற்றல் செலவாவதும் வெப்ப இயக்கவியல் சார்ந்தது. பண்புகள் கெட்டு முந்தைய வேலைக்கு உதவாமல் போவது செயல்பாடு சார்ந்தது. புதுப்பொருளைவிட விலை குறைவது பொருளாதாரம் சார்ந்தது. ஒன்று நேர்ந்தால் மற்ற இரண்டும் நேர்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

என் துறைக்காரர்கள் மூன்றாவதைப் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் விலையை அளப்பது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கிடங்கில் மூட்டை மூட்டையாக மறுசுழற்சிப் பிளாஸ்டிக் குருணை கிடக்கிறது என்று வையுங்கள். கச்சா எண்ணெய் விலை சரிகிறது. கூடவே புதுப் பிளாஸ்டிக்கின் விலையும் இறங்குகிறது. மூட்டையைப் பிரிக்கக்கூட இல்லை, உள்ளே இருக்கும் குருணை ஒரு மயிரிழையும் மாறவில்லை, அதன் மதிப்பு மட்டும் விழுந்துவிட்டது. மூட்டைக்குள் உட்கார்ந்தபடியே டவுன்சைக்கிளிங் ஆகிவிட்டதா அது? எண்ணெய் விலை ஏறினால் அப்சைக்கிளிங் ஆகிவிடுமா? மறுசுழற்சிப் பொருளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் வரும் இடங்களில், உணவுக்கு உகந்த பழைய பெட் புதியதைவிடக் கூடுதல் விலைக்குப் போவதும் உண்டு.

அதைவிட முக்கியமான கேள்வி வேறு. செய்த பொருள் எதை இடம்பெயர்த்தது? பாட்டிலில் பிறந்த இழை சந்தைக்கு வந்ததால் ஒரு டன் புது பாலியஸ்டர் தயாராகாமல் நின்றதா, அல்லது மலிவு இழை கூடுதலாக ஒரு டன் சேர்ந்ததா? ரோலண்ட் கெயர், டிரெவர் சிங்க் என்ற ஆய்வாளர்கள் பத்து வருடமாக இதைத்தான் கேட்கிறார்கள். பாட்டில் பாட்டிலானாலும் சரி, பாயானாலும் சரி, புதுப்பொருள் உற்பத்தி குறையவில்லை என்றால் லாபமில்லை. குறைந்தால், பாட்டில் பாட்டிலாகத்தான் திரும்பவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்தக் கணக்கில் செதிலின் கோபம் முழுக்க நியாயம்.

உலைக்களம், பகல் 2:10

அதே கணக்கை இன்னும் இருபது வருடம் தள்ளிப் போட்டுப் பாருங்கள் தம்பி. பழைய தகடெல்லாம் என்ஜின் பிளாக்கானால், புதுசாக வார்க்கவேண்டிய அலுமினியம் மிச்சம். சரி. ஆனால் வார்ப்புக்கு எத்தனை என்ஜின் வேண்டும்? மின்சாரக் காரில் என்ஜின் பிளாக்கே கிடையாது. வார்ப்புச் சந்தை சுருங்கினால், சிலிக்கான் ஏறிய அலுமினியத்தை எங்கே கொட்டுவீர்கள்? இன்று இடம்பெயர்க்கிறதா என்று மட்டும் பார்த்தால் நாளைக்கு முட்டுச்சந்தில் நிற்போம்.

கணக்குப்பிள்ளை, பகல் 2:26

ஒப்புக்கொள்கிறேன். இடம்பெயர்ப்பு என்பது ஒரு சுற்றுக்கான கணக்கு. நீங்கள் கேட்பது அடுத்த சுற்றுக்கு என்ன மிஞ்சும் என்று.

பட்டாசுமணி, பகல் 2:41

எதற்கு இவ்வளவு பேச்சு? மறுசுழற்சியே ஏமாற்று வேலை. எல்லாம் கடைசியில் குழிக்குத்தான் போகிறது.

நெறியாளர், பகல் 2:55

பட்டாசுமணி, இது சொல்லைப் பற்றிய இழை. மறுசுழற்சி வேண்டுமா வேண்டாமா என்று சண்டைபோட வேறு இழைகள் ஏராளமாக இருக்கின்றன.

கணக்குப்பிள்ளை, பகல் 3:02

நெறியாளர் மன்னிக்கட்டும், பட்டாசுமணி சொன்னதில் கால்வாசி உண்மை, அதுவும் இந்தச் சொல்லோடு ஒட்டியது. 2015 வரை உலகில் உருவான பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆனது என்று 2017இல் கெயர் குழு கணக்கிட்டது. பலரும் மேற்கோள் காட்டும் எண் அது. பலர் பார்க்காமல் விடும் அடுத்த எண்: அந்த 9 சதவீதத்திலும் பத்தில் ஒரு பங்குதான் ஒருமுறைக்கு மேல் சுழன்றது. மற்றதெல்லாம் ஒரே ஒரு சுற்று. சுழற்சி என்று நாம் பெயர் வைத்தது பெரும்பாலும் ஒற்றைத் திருப்பம்.

நூலிழை, மாலை 4:20

இந்தச் சண்டைக்கு இருநூறு வயது என்று சொன்னால் நம்புவீர்களா?

1813இல் இங்கிலாந்தின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கந்தல் கம்பளித் துணிகளைக் கிழித்து இழை இழையாகப் பிரித்து, கொஞ்சம் புதுக் கம்பளி சேர்த்து மறுபடி நூற்றார். கிழிக்கும்போது இழை அறுந்து குட்டையாகிவிடும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் புதுக் கம்பளி. உலைக்களம் சொன்ன நீர்க்கவைக்கும் வேலையேதான், உலோகத்துக்குப் பதில் ஆட்டுமயிர். அந்தத் துணியின் பெயர் ஷாடி. வட்டாரமே அதனால் செழித்தது. பிறகு அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், ஒப்பந்தக்காரர்கள் இந்த ரகத்தில் மட்டமான சீருடை தைத்துக் கொடுத்து, அது சிப்பாய்கள் உடம்பிலேயே பிய்ந்துபோக, ஷாடி என்றாலே மட்டம், மோசடி என்று ஆகிவிட்டது. இன்று ஆங்கில அகராதியைத் திறந்தால் வசைப்பொருள்தான் முன்னால் நிற்கும். துணியின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

செதில் பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். ஒரு தொழிலின் பெயருக்குள் 'மட்டம்' புகுந்துவிட்டால் பிறகு வெளியே வராது. ஆகவே தாழ், கீழ், மட்டம் எதுவும் வேண்டாம் என்று நானும் கைதூக்குகிறேன்.

செதில், மாலை 5:03

நன்றி நூலிழை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் உலைக்களம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மேடைக்காரர் சொன்னதில் பாதி சரி.

பாட்டிலிலிருந்து இழைக்கு வரலாம், மறுபடி பாட்டிலுக்கும் போகலாம். சரி. ஆனால் இழை துணியாகி, சாயம் ஏறி, பருத்தியோடு கலந்து, இடையில் எலாஸ்டிக் நூலும் சேர்ந்தபின் என் தொட்டிக்குத் திரும்பி வந்தால் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியாது. எந்தத் தண்ணீரிலும் அது பிரிந்து மிதக்காது. கிளைக்கால், மெத்தனால் போன்ற வேதிப்பொருள் கொண்டு மூலக்கூறு அளவுக்குச் சிதைத்து, முதலிலிருந்து கட்டி எழுப்பும் முறைகள் உண்டு. ஆனால் அதற்கு ஆற்றலும் செலவும் வேறு கணக்கு. நடைமுறையில் எங்கள் ஆலையின் வாசல் ஒருவழிப் பாதை. இழை மட்டம் இல்லை, ஆனால் இழைக்குப் பின்னால் கதவு சாத்தப்படுகிறது.

உலைக்களம், மாலை 5:15

இதைத்தான் காலையிலிருந்து சொல்ல முயன்றேன். செய்த பொருளைப் பார்க்காதே, அதற்குப் பிறகு எத்தனை கதவு திறந்திருக்கிறது என்று எண்ணு. கண்ணாடியை நிறம் பிரித்து உருக்கினால் எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். நிறம் கலந்துவிட்டால் தெளிந்த கண்ணாடிக்குத் திரும்ப முடியாது. பச்சைக்கோ ஜல்லிக்கோதான் போகும்.

மூன்றாம்பிறை, மாலை 6:38

இழை முழுக்க வாசித்தேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்ற பழமொழி இவ்வளவு பேருக்கும் நினைவு வரவில்லையே என்று ஆச்சரியம். அதிலிருந்தே சொல் எடுக்கலாமே. தேய்பிறை மாதிரி, தேய்சுழற்சி.

'தேய்' என்பதில் இகழ்ச்சி இல்லை. தேய்ந்த செருப்பு யாரையும் திட்டுவதில்லை. உழைத்திருக்கிறது என்றுதான் பொருள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குறைகிறது என்ற பொருளும் தானாக வந்துவிடுகிறது. காகிதத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகி, உலர்ந்து விறைத்து, ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு சல்லடை வழியே ஓடிவிடும். அது தேய்வதன்றி வேறென்ன?

மொழிப்பித்தன், மாலை 7:01

அடடா. இலக்கணமும் ஒழுங்காக நிற்கிறது. தேய்ந்த, தேய்கிற, தேயும் என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை, அதனால் இடையில் ச் மிகாது. தேய்ச்சுழற்சி என்று யாரும் எழுதிவிடாதீர்கள். (மறுசுழற்சியை மறுச்சுழற்சி என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது வேறு துக்கம்.)

ஒரே ஒரு தடை. தேய்பிறைக்குப் பின் வளர்பிறை வரும். இங்கே வருமா?

செதில், மாலை 7:09

பெட்டுக்கு வரும். காலையில் சொன்ன ஐவி ஏற்றுவது வளர்பிறைதானே.

உலைக்களம், மாலை 7:12

அலுமினியத்துக்குப் புது உலோகம் ஊற்றினால் வரும். அது கடன் வாங்கிய வளர்பிறை. எஃகில் ஏறிய செம்புக்கு அமாவாசைதான்.

நூலிழை, மாலை 7:30

எனக்கு ஒரு உறுத்தல். தேய்சுழற்சி காகிதத்துக்கும் கம்பளிக்கும் அப்படியே பொருந்துகிறது, அங்கே நார் உண்மையாகவே தேய்கிறது. அலுமினியத்தில் ஒரு அணுவும் தேயவில்லை, அழுக்குச் சேர்ந்திருக்கிறது. கான்கிரீட்டில் இரண்டும் இல்லை, உருவம் உடைந்திருக்கிறது. இறுகிய சிமெண்டை உடைத்தால் மறுபடி சிமெண்ட் ஆகாது, கல்லாக மட்டும்தான் பயன்படும். மூன்றுக்கும் ஒரே சொல் போதுமா?

மூன்றாம்பிறை, மாலை 7:44

ஆங்கிலச் சொல்லும் மூன்றுக்கும் ஒன்றுதானே. மூலத்தில் இல்லாத தெளிவைத் தமிழில் திணிக்கவேண்டுமா?

கணக்குப்பிள்ளை, இரவு 8:15

சட்டமும் திணிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு கழிவுச் சட்டகத்தில் மறுசுழற்சிக்கான வரையறை, முதலில் இருந்த பயனுக்கோ வேறு பயனுக்கோ என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. எரிபொருளாக்குவதும் பள்ளம் நிரப்புவதும்தான் அதில் சேராது. கான்கிரீட் ஜல்லி சாலைக்கு அடியில் புதுக் கல்லுக்குப் பதில் போனால் மறுசுழற்சி, வெறும் பள்ளத்தில் கொட்டினால் கிடையாது. டவுன்சைக்கிளிங் என்று தனிப் பெட்டி அங்கே இல்லை. ஒரு பொருளின் சூழல் பாதிப்பைப் பிறப்பு முதல் இறுதிவரை கணக்கிடும் பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 14044இலும் அந்தச் சொல் வராமலேயே வேலை நடக்கிறது. பொருளின் உள்ளார்ந்த பண்பு மாறியதா இல்லையா என்றுதான் அங்கே கேள்வி. பண்பு மாறாவிட்டால், வேறு பொருளாகப் போனாலும் மூடிய சுற்றாகவே, அதாவது அதே பொருளுக்குத் திரும்பியதுபோலவே, கணக்கிடலாம். ஆகவே சொல்தேடி, உங்கள் அறிக்கையில் இந்தச் சொல் குறை சொல்லும் இடத்தில் வருகிறதா, அளவிடும் இடத்தில் வருகிறதா என்று பார்த்துப் பிரியுங்கள்.

ஒற்றைவரி, இரவு 8:20

அப்சைக்கிளிங்குக்கு வளர்சுழற்சியா?

மொழிப்பித்தன், இரவு 8:33

சொல்லாக நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்திலேயே கைவினைப் பக்கம் ஒதுங்கிவிட்டது. பழைய டயரை நாற்காலியாக்கினால் அப்சைக்கிளிங் என்கிறார்கள். டயர் டயராகவே இருக்கிறது, மேலே மெத்தை வைத்திருக்கிறார்கள். அதற்கு மறுபயன்பாடு போதும். ரப்பரின் பண்பு உண்மையில் ஏறினால் வளர்சுழற்சி என்று சொல்லிக்கொள்ளலாம்.

சொல்தேடி, மறுநாள் காலை 8:50

எல்லோருக்கும் நன்றி. இரவு உட்கார்ந்து, அறிக்கையில் டவுன்சைக்கிளிங் வரும் நாற்பத்துச் சொச்சம் இடங்களையும் கணக்குப்பிள்ளை சொன்னபடி பிரித்தேன்.

குறை சொல்லும் இடங்கள்தான் பாதிக்கு மேல். அங்கெல்லாம் தேய்சுழற்சி. முதன்முறை வரும் இடத்தில், "பொருள் மறுசுழற்சி ஆனாலும் பழைய பயனுக்குத் திரும்பும் வழி அடைபடுவது" என்று ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன். அந்த வரி உலைக்களத்துக்கும் செதிலுக்கும் சொந்தம். விலையை மட்டும் பேசும் ஏழு இடங்களில் சொல்லையே விட்டுவிட்டு "மதிப்பிழப்பு" என்று எழுதிவிட்டேன். மூலத்தின் ஆசிரியரே அங்கே தடுமாறியிருக்கிறார் என்பது என் எண்ணம். உலோகக் கலப்புப் பற்றிய அத்தியாயத்தில் நூலிழையின் உறுத்தலை மதித்து "கலப்பால் தேய்தல்" என்று ஒருமுறை பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

ஆசிரியர் இன்னும் படிக்கவில்லை. ஒரு சில்லறைச் சந்தேகம் மட்டும் பாக்கி. அட்டவணைத் தலைப்பில் டவுன்சைக்கிள்டு அலுமினியம் என்று வருகிறது. தேய்சுழற்சிக்கு உள்ளான அலுமினியம் என்று போட்டால் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

மூன்றாம்பிறை, மறுநாள் காலை 9:06

தேய்சுழல் அலுமினியம்?

மொழிப்பித்தன், மறுநாள் காலை 9:11

வேண்டாம், மின்விசிறி மாதிரி இருக்கிறது. உலைக்களம் ஐயா, உங்கள் ஆலையில் இந்தச் சரக்கை என்ன சொல்வீர்கள்?

உலைக்களம், மறுநாள் காலை 9:48

கலப்புச் சரக்கு.

சொல்தேடி, மறுநாள் காலை 9:52

கட்டத்துக்குள் அடங்குகிறது. அதையே வைத்துவிட்டேன்.